கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்!

காலை எட்டு மணி. ஒரு அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்குத் தயாராகிக் கொண்டிருக்கிறது. இன்னொன்றில் வெண்டைக்காய், கிளறாமல் விட்டால் அடிப்பிடித்துவிடும். "அம்மா, இன்னொரு சாக்ஸ் எங்கே?" என்று பையன் கத்துகிறான். "டிபன் பாக்ஸ் கட்டியாச்சா?" என்று அவர் கேட்கிறார். வாசலில் தண்ணீர் கேன் போடுகிறவர் மணி அடிக்கிறார். இந்தச் சமயம் பார்த்து போன்! எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக் கொண்டு ஓடிப் போய் எடுத்தால்...

"என்ன பண்றே? சும்மாதானே இருக்கே?"

சகோதரிகளே, கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்!

கூப்பிட்டது என் ஒன்றுவிட்ட அக்கா. தங்கமானவர்தான். ஆனால் போனை எடுத்தால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பித்து, எதிர் வீட்டுச் சண்டை வழியாக, அவர் முழங்கால் வலிக்கு வந்து சேர அரை மணி ஆகும். அவர் முழங்காலுக்கு வருவதற்குள் என் குக்கர் ஆறாவது விசிலுக்குப் போய்விட்டது. அன்று எல்லோருக்கும் குழைந்த சாதம். "கஞ்சியா வச்சிருக்கே?" என்ற கேள்வி வேறு!

இந்த மாதிரிச் சின்னச் சின்ன எரிச்சல்களை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? அவரிடம் சொன்னால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார். மாமியாரிடம் சொன்னால், "எங்க காலத்துல அம்மி, ஆட்டுக்கல், கிணத்துத் தண்ணி..." என்று ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்.

முதலில் அந்த 'சும்மா'.

போன மாதம் ஒரு விண்ணப்பம் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பையன் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் தலை நிமிராமலே, "ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கவாம்மா?" என்றான். என் மகன் வயசுதான் இருக்கும். அவன் கட்டியிருந்த சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தது யார், மேஜை மேலிருந்த டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. "இல்லத்தரசின்னு போடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புலம்பியதைக் கேட்டு, கல்லூரியில் படிக்கும் என் பெண் ஒரு கணக்கைத் தேடிப் படித்துக் காட்டினாள். 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க வீடு வீடாகப் போய், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று எடுத்த கணக்காம். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் அதற்குச் செலவழிக்கிறார்கள். ஐந்து மணிக்கு ஒரே ஒரு நிமிஷம் குறைவு! அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களுக்கு 97 நிமிஷம். குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்றால், அவர்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டு விட்டார்கள், பார்த்தீர்களா!

"88 நிமிஷமா? எந்த ஊர்ல?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் வீட்டில் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அடுத்த எரிச்சல், பாத்திரக் கடை லேபிள்.

ஆசை ஆசையாக எவர்சில்வர் டபரா வாங்கி வருகிறோம். நடு வயிற்றில் ஒரு லேபிள். அதை எந்தப் பசையில் ஒட்டுகிறார்களோ! ஓரத்தைக் கிள்ளினால் நகம் உடைகிறதே தவிர, லேபிள் பாதியாகக் கிழிந்து மீதி அப்படியே இருக்கும். அதில் அழுக்குச் சேர்ந்து, புதுப் பாத்திரம் பத்து வருஷப் பாத்திரமாகிவிடும். நான் இப்போது செய்வது இதுதான். லேபிளுக்குப் பின்பக்கமாக, பாத்திரத்தின் உள்பக்கத்தைச் சின்னத் தீயில் சில விநாடி காட்டுவேன். பசை இளகி, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். மிச்சமிருக்கும் பிசுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் கழித்துத் துணியால் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக், கண்ணாடிச் சாமானைத் தீயில் காட்டிவிடாதீர்கள். அதற்கு எண்ணெயும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான்.

மூன்றாவது, காஸ் சிலிண்டர்.

வருகிறவர் பறந்துகொண்டே வருகிறார். வாசலில் 'டங்'கென்று இறக்குகிறார். "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா!" என்கிறார். கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, வந்திருக்கும் முப்பது செய்திகளில் அந்த நம்பரைத் தேடி எடுப்பதற்குள், "சீக்கிரம்மா, இன்னும் இருபது வீடு இருக்கு" என்று அவசரம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாடிப்படி ஏறி இறங்கும் வேலை, பாவம். ஆனால் அந்த அவசரத்தில் நாம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் என் எரிச்சல். ஒரு தடவை சீல் உடைந்த சிலிண்டரை வாங்கி வைத்துக்கொண்டு, இருபதே நாளில் காலியாகி விழித்தவள் நான்.

அதிலிருந்து, "ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி. மோர் குடிச்சுட்டுப் போகலாம்" என்று நிறுத்திவிடுவேன். அவர் மோர் குடிக்கும் நேரத்தில் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒன்று, சீல் சரியாக இருக்கிறதா என்று. இரண்டாவது எடை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய 14.2 கிலோவைக் கூட்டிப் பாருங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. மூன்றாவது, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அந்தச் சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச், 'பி' ஏப்ரல் முதல் ஜூன், 'சி' ஜூலை முதல் செப்டம்பர், 'டி' அக்டோபர் முதல் டிசம்பர். பி-29 என்றிருந்தால் 2029 ஜூன் வரை. கெடு தாண்டியிருந்தால், "வேற கொண்டு வாங்க தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்னொன்று. காஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய நம்பர் 1906. அதை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாசனை வந்தபிறகு கண்ணாடியைத் தேட முடியாது.

வீட்டுக்குள் இருக்கிற எரிச்சல்களை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். குடித்து முடித்த காலி பாட்டிலை அலுங்காமல் பிரிட்ஜுக்குள்ளேயே வைக்கிறவர்கள், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகாமல் சும்மா மேலே உட்கார வைக்கிறவர்கள் (மூடியைப் பிடித்துத் தூக்கினால் பாட்டில் மட்டும் காலடியில்!); ஈரத் துண்டுக்குக் கட்டில்தான் கொடி என்று நினைக்கிறவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பேப்பருக்குப் பின்னால் இருப்பவர் கோபித்துக்கொள்வார்.

இதையெல்லாம் விடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. 'இருந்தது' என்று ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. முப்பத்திரண்டு பேர். விடிந்தால் போதும், ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' வரும். ஒருவர் போட்டால் மற்றவர் சும்மா இருப்பாரா? பதினைந்து ரோஜா, ஆறு சூரிய உதயம், நான்கு பிள்ளையார். பிறகு வைத்தியம் ஆரம்பிக்கும். சர்க்கரைக்குக் கொய்யா இலை, கொழுப்புக்குப் பூண்டு, கல்லுக்கு வாழைத்தண்டு. கீழே, 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்.' "படிச்சுப் பார்க்காமலே எப்படித்தான் அனுப்புறாங்களோ!" என்று என் பெண்ணிடம் நொந்துகொள்ளாத நாளில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். முருங்கைக்கீரையின் மகிமை என்று ஒரு நீளமான செய்தி, ஒரு சிநேகிதி அனுப்பியிருந்தாள். முதல் நாலு வரி படித்தேன். நம் வீட்டுக் கீரைதானே, நல்லதுதானே என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ரசத்தை இறக்கினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து கரூரிலிருந்து போன். என் சின்ன நாத்தனாரின் வீட்டுக்காரர். "அக்கா, பயப்படாதீங்க. கடைத்தெருவுல தலை சுத்தி உக்காந்துட்டா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். பிரஷர் 200-க்கு 120ங்கறாங்க."

அவளுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவள். நல்ல கட்டுப்பாட்டில்தான் இருந்தது. நான் திருச்சியிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் போனைச் சத்தமாக வைத்து ஏதோ வைத்தியம் கேட்டுக்கொண்டே வந்தார். வேறு நாளாக இருந்தால், "கொஞ்சம் குறைச்சு வையுங்களேன்" என்று சொல்லியிருப்பேன். அன்று குளித்தலை தாண்டும்வரை அது காதில் விழுந்ததே தவிர, மனதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"பதினெட்டு நாள் இருக்கும் டாக்டர்."

"யாரைக் கேட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குழுவுல வந்துது டாக்டர். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும், அதை நிறுத்திட்டு முருங்கைக்கீரைச் சாறு குடிச்சா பதினஞ்சு நாள்ல சரியாயிடும்னு."

எனக்கு அடிவயிறு கலங்கியது. போனை எடுத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் அனுப்பியதேதான்! நான் படித்தது நாலு வரி. விஷம் இருந்தது பதினைந்தாவது வரியில்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். "பிரஷர் ஏறினா உடம்புக்குத் தெரியும்னு நினைக்காதீங்க. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. தலைவலி இல்லைன்னா பிரஷர் இல்லைன்னு அர்த்தமில்லை. நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரையை விட்டுடறாங்க. நல்லா இருந்ததே அந்த மாத்திரையாலதான். கிட்னிக்குப் பயந்து நிறுத்தினீங்க. ஆனா கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும். மாத்திரை ஒத்துக்கலை, இருமல் வருது, கால் வீங்குதுன்னா எங்ககிட்ட வந்து சொல்லுங்க, மாத்தித் தர்றோம். நீங்களா நிறுத்தாதீங்க."

இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பக்கவாதம்கூட வந்திருக்கலாம் என்று வெளியே என்னிடம் தனியாகச் சொன்னார். அவளுடைய கடைசிப் பெண் ஏழாம் வகுப்பு. வராந்தாவில் யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று ராத்திரி நான்தான் அவளோடு இருந்தேன். "நான் அனுப்பினதால இப்படி ஆயிடுச்சேம்மா" என்றேன். தொண்டை அடைத்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. வேற யாராவது அனுப்பியிருந்தா நான் படிச்சுட்டு விட்டிருப்பேன். நீங்க அனுப்பினீங்களே, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது சவுக்கடி. யாரோ முகம் தெரியாதவன் எழுதியதற்கு, இருபது வருஷமாக அவள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை முத்திரையாகக் குத்தி அனுப்பியவள் நானல்லவா!

மூன்றாம் நாள் அவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். திருச்சிக்குத் திரும்பியதும் என் பெண் அந்தச் செய்தியைக் காட்டி, "இங்கே பாரும்மா, ரெண்டு அம்புக்குறி" என்றாள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல தடவை கைமாறி வந்ததாம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் அனுப்பிய அந்த ஓர் இடம் எங்கள் குடும்பக் குழு.

அன்றே குழுவில் எழுதினேன். ரோஜாப்பூ இல்லாமல், இரண்டே வரி. 'நான் அனுப்பிய முருங்கைக்கீரைச் செய்தி தப்பு. முழுக்கப் படிக்காமல் அனுப்பினேன். மன்னியுங்கள். யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' அனுப்பக் கை கூசியது. ஆனால் அரை மணியில் தனியாக ஒரு போன் வந்தது. பேசியது, முழங்கால் வலிக்கார அக்கா. "நானும் பிரஷர் மாத்திரையை ஒரு வாரமா விட்டுட்டேன்டி. உன் கீரையைத்தான் குடிக்கிறேன்" என்றார்! "இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கக்கா" என்று பதறினேன். அன்றைக்கு அவர் அரை மணி பேசினார். குக்கர் எத்தனை விசில் கொடுத்தது என்று நான் எண்ணவில்லை.

முருங்கைக்கீரை நல்ல கீரைதான். யார் இல்லை என்றது? பொரியல் பண்ணுங்கள், அடையில் போடுங்கள். மாத்திரை இருக்கிற இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள். அவ்வளவுதான். பிரஷர்காரர்கள் முக்கியமாகக் குறைக்க வேண்டியது உப்பை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், வடகம், ஊறுகாயில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். நாற்பது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற நாம், நம் கையை நீட்டிப் பார்த்துக்கொள்வதுதான் கிடையாது.

அந்தப் பெரிய எரிச்சல் ஏன் 'இருந்தது' என்று சொன்னேன், புரிகிறதல்லவா? மற்றவர்கள் அனுப்பும்போது பல்லைக் கடித்தேனே, அதை நானே செய்திருக்கிறேன். இப்போது யார் அனுப்பினாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. "முழுக்கப் படிச்சீங்களா?" என்று தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். நானாக எதையும் அனுப்புவதில்லை. பிள்ளையாரைக்கூட!

இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு கரூருக்கு போன் போட்டு, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேன். ஒரு நாள் விடுவதில்லை. நேற்று அப்படிக் கூப்பிட்டபோது பின்னால் குக்கர் சத்தம், குழந்தைகளின் சண்டை, வாசல் மணி, எல்லாம் கேட்டன. மூச்சு வாங்க வந்து எடுத்தவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன அண்ணி, சும்மாதான் இருக்கீங்களா?"

ஆக, அவள் எரிச்சல் பட்டியலில் நானும் சேர்ந்தாயிற்று. இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்களுக்கும் பட்டியல் இருக்குமே? எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால், அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.